ஸ்டிக்கர் இருக்கா?

இன்னைக்கு எபிசோடு ஒரு ஸ்டிக்கரைப் பத்தி. பழைய லேப்டாப்பைத் திருப்பினா அடியில 25 எழுத்து நம்பரோட ஒட்டியிருக்குமே, அந்த ஸ்டிக்கர்.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1995 ஆகஸ்ட் 24-ல் விண்டோஸ் 95 வெளியானது. அமெரிக்காவில் முழு வெர்ஷன் சுமார் 210 டாலர். பழைய விண்டோஸ் வெச்சிருக்கறவங்களுக்கு அப்கிரேடு சுமார் 110 டாலர்தான். ஆனா சும்மா விட்டுட மாட்டாங்க. இன்ஸ்டால் பண்ணும்போது கம்ப்யூட்டர்ல பழைய விண்டோஸ் இருக்கான்னு அதுவே தேடும். இல்லைன்னா பழைய ஃப்ளாப்பியைப் போடச் சொல்லும். ஏற்கெனவே காசு கொடுத்தவங்களுக்குத்தான் தள்ளுபடி.

அதே 1995-லதான் திருச்சியிலிருந்து பிரிஞ்சு பெரம்பலூர் தனி மாவட்டமாச்சு. (எங்க அரியலூர் 2001-ல் தனியாகி, 2002-ல் திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிஞ்சது. அது தனி எபிசோடு!) நான் பார்த்த டிடிபி கடை, பிரௌசிங் சென்டர் எல்லாத்துலயும் அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டர்தான். விண்டோஸ் யாரோ எழுதிக் கொடுத்த சிடியில வந்தது. பழசுக்கே பில் இல்லாத இடத்துல, புதுசுக்கு எப்படித் தள்ளுபடி கேட்பீங்க?

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த லேப்டாப்ல ரெண்டு சிஸ்டம் இருந்தது. ஒண்ணு சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ், இன்னொண்ணு விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். முந்திரிக்கொட்டை பொறுக்கப் போற வீட்டுலயும், சிமென்ட் ஆலைக்கு லாரி ஓட்டறவர் வீட்டுலயும் முதல் தடவையா ஒரு ஒரிஜினல் விண்டோஸ் லைசென்ஸ்.

எனக்கு 2012-ல் கிடைச்சது. ஸ்டார்ட்டர்ல வால்பேப்பரை மாத்த முடியாது. சிரிக்காதீங்க, பதினேழு வயசுல அது பெரிய குறை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்கார அண்ணன், "ஸ்டார்ட்டரை வெச்சுக்கிட்டு என்ன தம்பி பண்ணப் போற?"ன்னு கேட்டு, 150 ரூபாய்க்கு ஃபார்மட் அடிச்சு 'அல்டிமேட்' போட்டுக் கொடுத்தார். பாஸ் லினக்ஸும் அதோட போச்சு. வால்பேப்பர்ல சூர்யா வந்துட்டார்.

2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தது. ஒரிஜினல் 7, 8.1 வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வருஷம் அப்கிரேடு இலவசம். பாதி விலைகூட இல்லை, இலவசம்! ஸ்டார்ட்டருக்கும் உண்டு. திருட்டு காப்பிக்கு இல்லை. கையில இருந்த தகுதியை நானே 150 ரூபாய் கொடுத்து அழிச்சிருந்தேன். ஸ்டிக்கர்? மடியில வெச்சு வெச்சுத் தேய்ஞ்சு, ஆறேழு எழுத்துதான் மிச்சம்.

ஸ்டார்ட்டரைத் தொடாம வெச்சிருந்த செந்துறை ஃப்ரெண்டுக்கு வேற சிக்கல். டவுன்லோடு கிட்டத்தட்ட 3 ஜிபி. அப்பல்லாம் மாசத்துக்கு 1 ஜிபி போடறதே எங்களுக்குப் பெரிய செலவு. சலுகை 2016 ஜூலை 29-ல் முடிஞ்சது. ஜியோ செப்டம்பர் 5-ல் வந்தது. நடுவுல அஞ்சே வாரம்.

ஆனா கெடு முடிஞ்ச பிறகும் ஒரிஜினல் 7-ஓட கீயை விண்டோஸ் 10 சத்தமில்லாம ஏத்துக்கிட்டே இருந்தது. அந்த வழி அடைஞ்சதா மைக்ரோசாஃப்ட் அறிவிச்சது 2023 செப்டம்பர்லதான். நண்பன் 2017-ல் ஒரு ராத்திரி முழுக்க ஜியோவுல டவுன்லோடு போட்டு, ஸ்டிக்கரைப் பார்த்துப் பார்த்து 25 எழுத்தையும் அடிச்சான். ஆக்டிவேட் ஆயிடுச்சு. 2 ஜிபி ரேம்ல அது ஆன் ஆகறதுக்குள்ள டீ குடிச்சிட்டு வந்துடலாம். அந்த லேப்டாப்லதான் அவன் தங்கச்சி காலேஜ் ப்ராஜெக்ட் முடிச்சா.