யூனானும் சோனகமும்

படிவமொன்றில் ‘இனம்’ என்ற இடத்தில் ‘இலங்கைச் சோனகர்’ என்று எழுதிவிட்டு மாணவன் ஒருவன் தயங்கி நின்றான். “சேர், றோட்டில ஒருத்தன் என்னச் ‘சோனி’ண்டு ஏசினான். அதுவும் இதுவும் ஒண்டா?” என்றான். ஒன்றுதான் என்றேன். ஏசியவனுக்கும் அச்சொல்லின் வயது தெரிந்திராது.

இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் கிரேக்கர் வாழ்ந்த நிலம் அயோனியா. அம்மக்களைப் பாரசீகர் ‘யௌன’ என்றனர். மன்னன் தாரியஸின் கல்வெட்டுகளில் அப்பெயர் இருக்கிறது. ஹீப்ருவில் அது ‘யாவான்’, வடமொழியில் ‘யவன’, பாளியில் ‘யோன’, ‘யோனக’, அரபியில் ‘யூனான்’. யூனானி வைத்தியம் என்றால் கிரேக்க வைத்தியம் என்றே பொருள்.

கிரேக்கரைச் சுட்டிய சொல், காலப்போக்கில் மேற்கிலிருந்து வந்த பிறரையும் சுட்டலாயிற்று. பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு மீண்ட யவனர் கலங்களைச் சங்க இலக்கியம் காட்டுகிறது. அநுராதபுரத்தின் மேற்கு வாயிலருகே யோனருக்கு இடம் ஒதுக்கப்பட்டதை மகாவம்சம் கூறுகிறது. பிற்காலத்தில் இக்கடல்களில் அரபு வணிகரின் கை ஓங்கியபோது, பழைய பெயர் அவர்களுக்கு உரியதாயிற்று. மலையாளத்தில் ‘ஜோனகர்’, தமிழில் ‘சோனகர்’. கிரேக்கரை ‘யூனான்’ என்றழைத்த அரபியரையே, அதே சொல்லின் இன்னொரு வடிவத்தால் தமிழர் அழைத்தனர்!

பின்னர் வந்த போர்த்துக்கேயர், தம் நாட்டில் வட ஆபிரிக்க முஸ்லிம்களுக்கு வழங்கிய ‘மூரோ’ என்ற பெயரை இங்கும் சூட்டினர். ஆங்கிலேயர் அதை ‘மூர்’ ஆக்கினர்.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டுக் கட்டுரை வாசித்தார். ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907இல் அதற்கு மறுப்பு நூல் எழுதி, அரபு வழியை வலியுறுத்தினார். அது வெறும் ஏட்டு விவாதமன்று. சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த காலம். 1889இல் முதல் முஸ்லிம் உறுப்பினர் நியமிக்கப்பட்டார்.

என்னைக் கேட்டால், பெயரை வைத்து இரத்தத்தை அளக்க முடியாது. ‘சோனகர்’ என்ற சொல் இன்னார் பிள்ளை என்று சொல்வதில்லை. கடல்வழி வந்தவரைக் கரையிலிருந்தோர் எப்படி அழைத்தனர் என்பதைச் சொல்கிறது. வந்தவர் இங்கே மணமுடித்தனர். பிள்ளைகள் தமிழில் உம்மாவை அழைத்தனர். இரண்டு வரலாறும் நமக்குரியதே.

லிங்கநகரிலிருந்து திருகோணமலைத் துறைமுகம் தூரமில்லை. அடுத்த நாள் அந்த மாணவனை அங்கே அழைத்துப் போனேன். கப்பல்களைக் காட்டி, “உன் பெயர் இப்படித்தான் வந்தது, எழுதியதை அழிக்காதே” என்றேன்.