கறுப்புக் கல்லும் பச்சை வர்ணமும்

சேலம் அஸ்தம்பட்டிக்கு வடமேற்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில், திட்டுத்திட்டாக வெளுத்துத் தெரியும் கரடுகள் உண்டு. வெள்ளைக்காரர்கள் அவற்றுக்குச் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஊராரும் சுண்ணாம்புக் கரடு என்றே சொல்லிவிட்டார்கள். உண்மையில் அந்த வெள்ளைக்கல் சாக்கும் அல்ல, சுண்ணாம்பும் அல்ல; மாக்னசைட். எஃகு உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்ய உதவுவது. அதே பாறைகளிடையே, கருப்பூர்ப் பக்கம், கறுப்பாக இன்னொரு கல்லும் உண்டு. அதன் பெயர் குரோமைட். வெள்ளைக்கல் புகழ் பெற்றுவிட்டது. நான் சொல்லப்போவது கறுப்புக் கல்லின் கதை.

அந்தக் கறுப்புக்குள் ஒளிந்திருக்கும் உலோகம் குரோமியம். 1797-ல் வொக்கலான் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணர், சைபீரியாவிலிருந்து வந்த சிவப்புக் கல் ஒன்றை ஆராய்ந்து அதைக் கண்டுபிடித்தார். சேர்க்கைக்குத் தக்கபடி விதவிதமாக நிறம் காட்டியதால், 'நிறம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. சில ஆண்டுகளுக்குள், செவ்ர் பீங்கான் தொழிற்சாலையின் தலைவர் பிரோஞ்ஞார் காலத்தில், அது பீங்கானுக்குப் பச்சை வர்ணம் தந்தது. அதுவரை பச்சைக்குத் தாமிரத்தை நம்பியிருந்தார்கள். பீங்கான் வேகும் கடுஞ்சூட்டில் தாமிரப் பச்சை நிலைக்காது, இது நிலைத்தது.

ஆனால் இதன் குணம் விசித்திரமானது. துத்தநாகத்தோடு சேர்ந்தால் பச்சை மறைந்து பழுப்பாகிவிடும். வெள்ளீயமும் சுண்ணாம்பும் கலந்த மெருகில் துளியளவு விழுந்தால் ரோஜா நிறம். ஈயம் மிகுந்த மெருகில், குறைந்த சூட்டில், செம்மஞ்சள். சூளையிலே பச்சை ஜாடிக்குப் பக்கத்தில் வெள்ளீய மெருகிட்ட வெள்ளைக் கிண்ணத்தை வைத்தால், ஆவி பட்டு அந்தக் கிண்ணத்தின் கன்னம் சிவந்துவிடுகிறது என்றால் பாருங்கள்! சகவாசத்தால் குணம் மாறும் பாத்திரங்களைப் படைப்பதே கதை எழுதும் எங்கள் பிழைப்பு. ஒரு கல் எங்களை மிஞ்சிவிட்டது.

இப்படிப்பட்ட சரக்கை வைத்து வேண்டிய நிறத்தை வரவழைப்பது எப்படி? பூசும்போது இருக்கும் நிறம் வேறு, வெந்த பிறகு வரும் நிறம் வேறு. பதினாறாம் நூற்றாண்டில் பிரான்ஸில் பலிஸி என்பவர் வெள்ளை மெருகு தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்தார். விறகு தீர்ந்தபோது மேஜையையும் தரைப்பலகையையும் உடைத்துச் சூளையில் போட்டார். 1580-ல் அச்சான தம் புத்தகத்தில் பட்ட கஷ்டங்களையெல்லாம் விவரித்தார். சரக்குகளின் பெயர்களையும் சொன்னார். எது எவ்வளவு என்பதை மட்டும் சொல்லவில்லை.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பெர்லினில் ஹெர்மன் ஸேகர் நேர்மாறாக நடந்தார். மெருகின் சேர்க்கையை எண்களில் எழுதும் முறையை வகுத்தார். குறித்த சூட்டில் தலை சாயும் மண்கூம்புகளை 1886-ல் வெளியிட்டார். அதன்பின் சோதனை ஒரு ஒழுங்குக்கு வந்தது. அடிப்படை மெருகை மாற்றாமல், வர்ணச் சரக்கை மட்டும் நூற்றுக்கு அரை, ஒன்று, இரண்டு என்று கூட்டிச் சிறு மண்வில்லைகளில் பூசுவார்கள். காகிதம் எரிந்துவிடுமே! ஆகவே வில்லையின் முதுகில் இரும்புத்துரு மையால் எண்ணிட்டுச் சூளையில் வைப்பார்கள். ஒரு முறை ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் நிறம் வந்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

நம் பக்கத்திலும் முயற்சி இருந்தது. 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியில் மண்பாண்ட வேலை கற்பித்தார்கள். நம் நாட்டு மண்வகைகளில் அவருக்குத் தீராத ஆர்வம். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அந்தப் பள்ளியின் வாரிசுதான்.

கைப்பக்குவத்தை ரகசியமாக வைத்த தொழிலாளியை நான் குறை சொல்லமாட்டேன். நிலமில்லாதவனுக்கு அந்த ரகசியமே காணி. அதைக் கொடுத்துவிட்டால் பிள்ளை எதை உண்பான்? ஆனாலும் பிள்ளையில்லாத வீட்டில் அந்தக் காணி ஒரே நாளில் தரிசாகிவிடுகிறது. பலிஸியின் துயரம் படிப்பவர் நெஞ்சை உருக்கும். அதைக் கொண்டு ஒரு கிண்ணத்துக்குக்கூட மெருகிட முடியாது. ஸேகரின் எண்களில் உருக்கம் இல்லை. ஆனால் அவை எந்த ஊர்ச் சூளையிலும் அடுத்தவன் தொடங்க இடம் கொடுக்கின்றன.