ஏழு சக்கரம், மூன்று அணா: 1949 குமரிமுனைத் தலையின் மேலச்சு

திருவிதாங்கூர் அஞ்சல்தலைகளைச் சேர்ப்பவர்களிடம், நாஞ்சில் நாட்டுக்கு உரிய தலை எது என்று கேட்டால் இரண்டைச் சொல்வார்கள். 7 சக்கரம் வெளிர்நீலத்தில் குமரிமுனை. 14 சக்கரம் நீலப்பச்சையில் பேச்சிப்பாறை நீர்த்தேக்கம். சித்திரைத் திருநாள் மகாராஜாவின் 27ஆம் பிறந்தநாளுக்காக 1939 நவம்பரில் வெளியான ஏழு தலைகளில் மேல்மதிப்பு கொண்டவை இவை. இவ்விரண்டும் 1949இல் புதிய மதிப்பு அச்சிடப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தன. இக்கட்டுரை அந்த இரண்டாம் வாழ்வைப் பற்றியது.

பழந்தலையின் விலையை நிர்ணயிப்பவை எவை என்பது தெரிந்த கதை: எத்தனை மிஞ்சியுள்ளன, எந்த நிலையில் உள்ளன, என்ன பிழையோடு அச்சாயின. அமெரிக்கர் சேர்க்கும் பேஸ்பால் சீட்டுகளிலும் இதே கணக்குதான். 1909–11இல் சிகரெட் பெட்டியோடு வந்த, ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் சீட்டு 2022இல் 72.5 லட்சம் டாலருக்குப் போனது. அதன் அச்சு பாதியில் நின்றதால் அருமை. ஏன் நின்றது, புகையிலை விளம்பரத்துக்குத் தன் படம் போவதை வாக்னர் விரும்பவில்லையா, தனக்குப் பணம் தராததாலா என்ற தீராத வழக்கு அந்த அருமையை இன்னும் ஏற்றுகிறது. நம் தலையிலும் அப்படியொரு வழக்கு ஒளிந்திருக்கிறது. பட்டியல்கள் அதை எழுப்பவேயில்லை.

இங்கே நான் மறுக்க விரும்புவது ஸ்டான்லி கிப்பன்ஸ் அஞ்சல்தலைப் பட்டியலின் வாசிப்பை. சேகரிப்பாளர் எவரும் அதை விட்டு நகர முடியாது. துளை அளவு 11, 12, 12½ என்று பிரித்து, தலைகீழ் மேலச்சுகளைத் தனியே விலையிட்டு, ஒழுங்குபடுத்தித் தந்தது அது. ஆனால் திருவிதாங்கூர்ப் பகுதியின் தலைப்பிலேயே அது ஒரு நாணய வாய்பாட்டைத் தருகிறது: 16 காசு ஒரு சக்கரம், 2 சக்கரம் ஓர் அணா. இதைப் படித்துவிட்டு 1949இன் மேலச்சுகளைப் பார்ப்பவர், சக்கரம் ஒழிந்து அணா வந்தது, பழைய விலை புதிய நாணயத்துக்கு மாற்றி எழுதப்பட்டது, அவ்வளவுதான் என்று முடிவுகட்டுவார். ஏலக் குறிப்புகளிலும் கண்காட்சிப் பலகைகளிலும் ‘நாணய மாற்று மேலச்சு’ என்ற விளக்கம் நிலைத்துவிட்டதற்கு இந்த வாய்பாடே காரணம் என்று நினைக்கிறேன்.

வாய்பாட்டை 1949இல் மேலச்சு பெற்ற ஏழு தலைகளின் மேலும் வைத்துப் பார்க்கலாம்; 1939 வரிசையின் அதே ஏழல்ல இவை. 1 சக்கரம் அரை அணா, 2 சக்கரம் ஓர் அணா, 4 சக்கரம் இரண்டு அணா. இந்த மூன்றும் பட்டியலுக்குச் சாட்சி சொல்கின்றன. மற்ற நான்கும் எதிர்சாட்சி. 6 காசு வாய்பாட்டின்படி 2¼ பை. மேலச்சு 2 பை. 8 காசு சரியாக 3 பை. மேலச்சோ 4 பை. குமரிமுனை 3½ அணா ஆகவேண்டும். 3 அணா ஆனது. பேச்சிப்பாறை 7 அணா ஆகவேண்டும். 6 அணா ஆனது.

பின்னத்தைத் தவிர்க்க விலையைக் குறைத்தார்கள் என்று பட்டியலுக்காக வாதாடலாம். குமரிமுனைக்கு அது ஓரளவு பொருந்தும். பேச்சிப்பாறைக்குப் பொருந்தாது, 7 அணாவில் பின்னமே இல்லை. 8 காசுக்கோ விலை குறையாமல் ஏறியிருக்கிறது. மேலும் 3½ அணா அன்றைக்கு அரிதான மதிப்பும் அல்ல. அதே 1949 ஆகஸ்டு 15இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட தொல்லியல் வரிசையில் 3½ அணாத் தலை உண்டு.

வாய்பாடே தோராயமானது என்பது அடுத்த சிக்கல். சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம் என்பதே திருவிதாங்கூர்க் கணக்கு. பட்டியலின்படி போனால் ரூபாய்க்கு 32 சக்கரம் வரும். கஜானாவில் யாரும் அப்படி எண்ணியதில்லை. சர்க்கார் கணக்கில் குமரிமுனை கால் ரூபாய், அதாவது துல்லியமாக 4 அணா. பேச்சிப்பாறை அரை ரூபாய், துல்லியமாக 8 அணா. நாணய மாற்றுதான் நோக்கம் என்றால் மிக எளிதாக மாற்றியிருக்கக்கூடிய தலைகள் இவ்விரண்டும். இவற்றில்தான் நான்கில் ஒரு பங்கு வெட்டப்பட்டிருக்கிறது.

1939 வரிசையிலிருந்த 3 சக்கரத் தலையும் கவனிக்கத்தக்கது. வாய்பாட்டின்படி அது பிசகில்லாமல் 1½ அணா. ஆனால் மேலச்சு பெற்ற ஏழில் அதற்கு இடமில்லை. 1½ சக்கரத்துக்கும் இல்லை. இருப்பு தீர்ந்திருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மாற்று எளிதான சில இடங்களில் தலை இல்லை, தலை உள்ள சில இடங்களில் மாற்று இல்லை என்பதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் முன்வைப்பது இது: முதலில் முடிவானது புதிய கட்டண வரிசை. 2 பை, 4 பை, அரை, ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு அணா. பிறகு கையிருப்பிலிருந்த தலைகள் சிறியதிலிருந்து பெரியதாக அதே வரிசையில் பொருத்தப்பட்டன. மதிப்பு காக்கப்படவில்லை, வரிசை மட்டும் காக்கப்பட்டது. அந்தக் கட்டண வரிசை எங்கிருந்து வந்தது? இந்திய அஞ்சலில் சிறு மதிப்புகள் 3, 6, 9 பை என்று போகும். 2 பையும் 4 பையும் அங்கே இல்லை. கொச்சியில் உண்டு. கொச்சி அஞ்சல் தன் பழைய நாணயமான புத்தனைக் கைவிட்டு அணா, பைக்கு மாறிய 1911 வரிசையிலேயே 2 பை, 4 பை, 1 அணா, 2 அணா, 3 அணா எல்லாம் இருக்கின்றன. 1949 ஜூலை 1இல் இரு சமஸ்தானங்களும் இணைந்தபோது, திருவிதாங்கூரின் காகிதத்தில் கொச்சியின் ஏணி அச்சாயிற்று என்றே இதை வாசிக்கிறேன்.

சான்று மெலிதானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 6 அணா கொச்சி ஏணியில் இல்லை. அது இந்திய வரிசையிலிருந்து வந்திருக்கலாம், அல்லது 3 அணாவை இரட்டித்ததாகவும் இருக்கலாம். தேதியும் அப்படியே. மேலச்சுகளுக்கு இணைப்பு நாளான ஜூலை 1ஐயே பட்டியல் தருகிறது. திருவனந்தபுரத்துக்கு அது சரியாக இருந்தாலும், நாகர்கோவில், தக்கலை, குளச்சல் அஞ்சலாபீசுகளில் அதே நாளில் ஏழும் கிடைத்தன என்று அதைக் கொண்டு சொல்லிவிடக்கூடாது. ஒரே மதிப்பு வெவ்வேறு துளை அளவுகளில் கிடைப்பது, மேலச்சுக்குப் போன தாள்கள் ஒரே கட்டாக இல்லாமல் பல இருப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதையே காட்டுகிறது.

இந்த ஏற்பாடு நெடுநாள் ஓடவில்லை. 1950 அக்டோபரில் சங்கும் தென்னையும் பொறித்த புதிய 2 பை, 4 பைத் தலைகள் வந்தன. 1951 ஏப்ரல் 1இல் திருவிதாங்கூர்-கொச்சி அஞ்சல் இந்தியத் தபால் துறையில் கரைந்தது. ஆகவே மூன்றணாக் குமரிமுனையின் முழு ஆயுள் இரண்டு ஆண்டுக்கும் குறைவு. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அந்தத் தலை சேகரிப்பாளர் கைக்கு மட்டும் உரியதாகிவிட்டிருந்தது.

வழக்கைத் தீர்க்கக்கூடிய சான்று ஒன்று உண்டு. அது பட்டியல் விலையில் அடங்குவதல்ல. எடை, பதிவுக் கட்டணம், முத்திரைத் தேதி மூன்றும் தெரிகிற முழு உறையில் ஒட்டிய மூன்றணாத் தலை, அந்த மூன்றணா எந்தச் சேவைக்காகக் கேட்கப்பட்டது என்று சொல்லிவிடும். துளை எண்ணுவதற்காக உறையை நனைத்துத் தலையை உரித்தெடுக்கும் பழக்கம் குமரி மாவட்டத்துப் பழைய வீடுகளின் கடிதக் கட்டுகளிலும் நடந்துவருகிறது. உரித்த தலைக்குப் பட்டியலில் விலை உண்டு. உறையோடு உள்ள தலைக்கே இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தகுதி உண்டு.