உரோமாபுரியின் கற்களைப் பேசவைத்தவர்கள்

உரோமாபுரியைக் காணச் செல்வோர் பெரும்பாலும் ஒரே வழியிலேயே நடக்கின்றனர். கொலோசியம் என்னும் பேரரங்கிலே தொடங்கி, டைட்டஸ் மன்னனின் வெற்றி வளைவைக் கடந்து, பழைய மன்றத்தின் இடிந்த தூண்களிடையே புகுந்து, கப்பிற்றோல் குன்றின்மீதுள்ள நூதனசாலையிலே முடிகின்ற வழி அது. வழிகாட்டுவோர் கூறும் கதையும் ஏறக்குறைய ஒன்றே. இதனை இன்ன பேரரசன் எழுப்பினான். இதன் உயரம் இவ்வளவு. இங்கே இத்தனை ஆயிரம்பேர் அமர்ந்திருந்தனர். கேட்டு வியக்கிறோம், படம் பிடித்துக்கொள்கிறோம், திரும்புகிறோம்.

வியப்பு தவறன்று. ஈராயிரம் ஆண்டுகள் நிலைத்து நின்ற ஒரு கட்டடத்தைக் கண்டும் வியவாதவன் மனிதக் கரங்களின் ஆற்றலை அறியாதவனே. ஆயினும், வியப்போடு நின்றுவிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. வியந்து நிற்பவனின் காதிலே எவரும் எதையும் ஓதிவிடலாம். பழஞ்சின்னங்கள் தாமாகப் பேசுவதில்லை. ஒவ்வொரு காலத்திலும் எவரோ அவற்றைப் பேசவைத்திருக்கின்றனர். அவ்வாறு பேசவைத்தவர்கள் யாவர், அவர்கள் நோக்கம் யாது என்ற வினாவோடு அதே வழியில் நாமும் நடந்து பார்ப்போம்.

கி.பி. 64 இல் உரோமாபுரி தீக்கிரையாயிற்று. வெந்த நிலத்தில் நீரோ மன்னன் தனக்கெனப் பொன்மாளிகை ஒன்றையும், அதனருகே ஒரு செயற்கை ஏரியையும் அமைத்தான். அவனுக்குப் பின்வந்த வெஸ்பாசியன் அந்த ஏரியை வற்றச்செய்து, அவ்விடத்திலே பேரரங்கைக் கட்டத் தொடங்கினான். அவன் மகன் டைட்டஸ் கி.பி. 80 இல் அதனைத் திறந்துவைத்தான். நீள்வட்டமான அவ்வரங்கின் நீளம் 188 மீற்றர். அகலம் 156 மீற்றர். உயரம் ஏறக்குறைய 48 மீற்றர். தனியொரு மன்னன் பறித்துக்கொண்ட நிலத்தைப் பொதுமக்களின் களியாட்டத்துக்குத் திருப்பித் தந்தோம் என்று புதிய அரசகுலம் பெருமை பேச இக்கட்டடம் உதவிற்று.

அத்தனை பெரிய கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை அக்கட்டடத்திலேயே மறைந்து கிடந்தது. பிற்காலச் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்ட கல்லிலே, அதற்கு முன்னர் வெண்கல எழுத்துக்களைப் பொருத்துவதற்காகத் துளைத்த சிறு துளைகள் எஞ்சியிருந்தன. கேசா அல்பொல்டி என்னும் வரலாற்றறிஞர் அத்துளைகளின் இடைவெளியை ஆராய்ந்து, மறைந்துபோன வாசகத்தை 1995 இல் மீட்டமைத்து வெளியிட்டார். போரிலே கைப்பற்றிய கொள்ளைப்பொருளைக் கொண்டு இவ்வரங்கு கட்டுவிக்கப்பட்டது என்பதே அவ்வாசகத்தின் சாரம். அந்தப் போர், யூதரின் கிளர்ச்சியை நசுக்கி, கி.பி. 70 இல் எருசலேம் நகரை அழித்த போர் என்பதே ஆய்வாளர் கருத்து.

அரங்கினுள்ளே அமரும் முறையும் சமுதாயத்தின் அமைப்பையே காட்டிற்று. களத்தை அடுத்த வரிசைகள் செனற்றர்களுக்கு உரியவை. அவர்களின் பெயர்கள் பொறித்த கற்கள் இன்றும் உள. மேலே செல்லச்செல்லத் தகுதி குறைந்தது. உச்சியிலே, மிகத் தொலைவிலே, ஏழைகளும் அடிமைகளும் பெண்களும் இருந்தனர். களத்திலே இறந்துகொண்டிருந்தவர்களோ போர்க்கைதிகள், அடிமைகள், தண்டனை பெற்றோர். ஒடுக்கப்பட்டவன் ஒருவனின் சாவை, ஒடுக்கப்பட்ட இன்னொருவன் உச்சி வரிசையிலிருந்து கண்டு ஆரவாரிக்கும்படி செய்த அரசியல் நுட்பத்தை நாம் மறந்துவிடலாகாது.

அரங்கிலிருந்து சிறிது தூரத்திலே டைட்டஸின் வளைவு நிற்கிறது. அவன் இறந்த பின்னர், கி.பி. 81 அளவில், அவன் தம்பி டொமிசியனால் எழுப்பப்பட்டது. அதன் உட்புறச் சிற்பத்திலே, எருசலேம் ஆலயத்தின் ஏழு கிளை விளக்கை வீரர்கள் தோளிலே சுமந்து வருகின்றனர். சிற்ப வேலைப்பாடு மிக உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த வெற்றி ஊர்வலம் புறப்பட்ட நாளன்று மன்னன் ஒக்டேவியாவின் மண்டபத்திலே செனற்றரைச் சந்தித்தான் என்று அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிவைத்திருக்கிறார். அம்மண்டபத்தின் இடிபாடு தைபர் நதியருகே இன்றும் உண்டு. அதனைச் சூழ்ந்த பகுதியிலே 1555 முதல் யூதர்கள் மதிலுக்குள் அடைக்கப்பட்டு வாழ்ந்தனர். 1943 ஒக்ரோபர் 16 ஆம் நாள் விடியற்காலையில் நாசிப் படையினர் அவர்களை வீடுகளிலிருந்து இழுத்துவந்து கூட்டி நிறுத்தியதும் அதே மண்டபத்தின் அருகிலேதான். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அவுஷ்விற்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். திரும்பியவர் 16 பேர். வளைவைக் காணும் பல்லாயிரவரில் அம்மண்டபத்தையும் சென்று காண்போர் மிகச் சிலரே.

வளைவைக் கடந்து மன்றத்தை நோக்கி நடந்தால், மாக்சென்சியஸ் மன்னனின் மாபெரும் மண்டபம் எதிர்ப்படும். அதன் அடியிலே, டொமிசியன் காலத்து மிளகுப் பண்டசாலையின் அத்திவாரங்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. இங்கே நம் கால்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன. அந்த மிளகு தென்னாட்டின் மேலைக் கரையிலிருந்து வந்தது. முசிறித் துறையிலே யவனரின் மரக்கலங்கள் பொன்னை இறக்கி மிளகை ஏற்றியதைச் சங்கச் செய்யுள் அறியும். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்ரெர்சு நாணயம் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி குறைபட்டுக்கொண்டார். கிளாடியஸ் மன்னனின் காலத்தில் தப்ரபேன் என்னும் நமது தீவிலிருந்து தூதுவர் வந்த செய்தியையும் அவரே குறித்துவைத்தார். கொடியிலிருந்து மிளகு பறித்த கைகளைப் பற்றி மாத்திரம் இருதரப்பு ஏடுகளிலும் செய்தி இல்லை.

மன்றத்துக்கு வடபுறத்தே டிராஜன் மன்னனின் தூண் உயர்ந்து நிற்கிறது. இன்றைய ருமேனியாவாகிய டேசியாவை வென்றதன் நினைவாக கி.பி. 113 இல் எழுப்பப்பட்டது. கொடிபோற் சுற்றி மேலேறும் சிற்பப் பட்டையிலே ஏறக்குறைய 2,500 உருவங்கள் உள. அவற்றை உற்றுநோக்கினால், போரிடும் காட்சிகளைவிட வேலை செய்யும் காட்சிகள் நம் கண்ணை நிறைக்கின்றன. வீரர்கள் மரம் வெட்டுகின்றனர், அகழி தோண்டுகின்றனர், கோட்டைச் சுவர் அடுக்குகின்றனர், பாலம் அமைக்கின்றனர். பேரரசு என்பது வாளினால் மட்டுமன்றி மண்வெட்டியினாலும் எழுப்பப்பட்டது என்ற உண்மையை அச்சிற்பிகள் அறிந்திருந்தனர். ஆனால் தூணின் உச்சியிலே நின்றவன் டிராஜன். 1587 இல் அவன் இடத்திலே போப்பாண்டவர் ஐந்தாம் சிக்ஸ்டஸ் புனித பேதுருவின் சிலையை நிறுவினார். உச்சியிலிருப்பவர் மாறினர், அடியிலே மண் சுமப்பவர் அப்படியே இருக்கின்றனர்.

பேரரசு வீழ்ந்த பின்னர் கொலோசியம் கற்சுரங்கமாயிற்று. கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பற்றுக்களையும் தோண்டி எடுத்தனர்; சுவரெங்கும் இன்று காணும் குழிகள் அவ்வாறு வந்தவை. அதன் கற்களைக் கொண்டு 15 ஆம் நூற்றாண்டிலே கட்டப்பட்ட மாளிகைகளுள் ஒன்று வெனிஸ் மாளிகை. அம்மாளிகையைத்தான் 1929 இல் முசோலினி தன் அலுவலகமாக்கிக்கொண்டான். எதியோப்பியாவை விழுங்கிவிட்டு, உரோமப் பேரரசு மீண்டும் பிறந்தது என்று 1936 மே 9 இல் அவன் முழங்கியதும், 1940 யூன் 10 இல் உலகப்போரிலே இத்தாலியைத் தள்ளியதும் அம்மாளிகையின் மேன்மாடத்திலிருந்தே. எருசலேமின் கொள்ளைப்பொருளில் எழுந்த கல், ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளின் பின்னர், இன்னொரு கொள்ளைக்காரன் நின்று பேசும் மேடைக்குச் சுவராயிற்று.

அந்த மேன்மாடத்திலிருந்து பார்த்தால் கொலோசியம் தெரியவேண்டும் என்பது அவன் விருப்பம். இடையிலே ஒரு குன்றும், கைவினைஞரும் ஏழைகளும் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பும் குறுக்கே நின்றன. குன்று வெட்டப்பட்டது, குடியிருப்பு தரைமட்டமாக்கப்பட்டது. பாசிஸ்டுகள் ஆட்சியைக் கைப்பற்றியதன் பத்தாம் ஆண்டு நிறைவு நாளாகிய 1932 ஒக்ரோபர் 28 இல் "பேரரசு வீதி" திறக்கப்பட்டது. வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் நகரின் வெளிவிளிம்பிலே, வசதியற்ற குடியேற்றங்களுக்குத் துரத்தப்பட்டனர். பழமையைப் போற்றுகிறோம் என்று கூறிக்கொண்டே அவசர அவசரமாகத் தோண்டினர். தோண்டியவற்றிற் பெரும்பகுதியை வீதியின் அடியிலே மறுபடியும் புதைத்தனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது படை அணிவகுத்துச் செல்லப் பின்னணியாக ஒரு காட்சி. பழமையைப் பற்றிய அறிவு வேண்டியிருக்கவில்லை.

அவ்வீதியோரத்திலே, மிளகுப் பண்டசாலைக்கு மேலெழுந்த அதே மாக்சென்சியஸ் மண்டபத்தின் சுவரிலே, உரோமாபுரி சிற்றூராகத் தோன்றிப் பேரரசாக வளர்ந்ததைக் காட்டும் நான்கு சலவைக்கல் வரைபடங்களை 1934 இல் பதித்தனர். 1936 இல் ஐந்தாவது படம் ஒன்று சேர்ந்தது: முசோலினியின் பேரரசு. பிள்ளைகளும் பார்த்துப் புரிந்துகொள்ளத்தக்க பாடம் அது. முதல் நான்கும் உண்மையாதலால் ஐந்தாவதும் உண்மையே என்று கண்ணை நம்பவைக்கும் பாடம். போரின் பின்னர் ஐந்தாவது படம் அகற்றப்பட்டது; நான்கு படங்கள் இன்றும் உள. எதியோப்பியாவின் அக்சும் நகரிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த ஏறக்குறைய 24 மீற்றர் உயரமான கற்றூணை 1937 இல் குடியேற்ற நாடுகளின் அமைச்சு முன்றலிலே நாட்டினர். அதனைத் திருப்பித் தருவதாக 1947 இன் சமாதான உடன்படிக்கையிலே இத்தாலி ஒப்புக்கொண்டது. தூண் தாயகம் சேர்ந்தது 2005 இல். மீண்டும் அங்கே நிமிர்ந்து நின்றது 2008 இல்.

இனி, கப்பிற்றோல் குன்றின் நூதனசாலைக்கு ஏறுவோம். 1471 இல் போப்பாண்டவர் நான்காம் சிக்ஸ்டஸ் பழைய வெண்கலச் சிலைகளை நகர மக்களுக்கு வழங்கியதே இதன் தோற்றுவாய். 1734 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இங்குள்ள சிலைகளுள் எம் நெஞ்சை விட்டகலாதது மடிந்துகொண்டிருக்கும் கல்லிய வீரனின் சிலை. கல்லியரை வென்ற பெர்கமம் நாட்டு மன்னர் தம் வெற்றியைப் பறைசாற்ற அமைத்த மூலச் சிலையின் உரோமானியப் படி இது. நெப்போலியனின் படைகள் இதனைப் பாரிசுக்குக் கவர்ந்து சென்றன; 1816 இல் திரும்பிற்று. மன்னன் கேட்டது தன் புகழை. சிற்பி செதுக்கியதோ விலாவிலே புண்பட்டுத் தலைகவிழ்ந்து, ஒரு கையை நிலத்தில் ஊன்றி, சாவுக்கும் பணியாத ஒரு மனிதனை. வென்றவனின் முகம் அங்கே எங்கும் இல்லை. ஆட்சியாளனின் கட்டளையை நிறைவேற்றும்போதே அதனை மீறிச் செல்லும் ஆற்றல் கலைக்கு உண்டென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வழக்கமான உலா இங்கே முடிவுறும். நாம் தைபர் நதியோரமாகத் தெற்கே இன்னுஞ் சிறிது தூரம் நடப்போம்.

அங்கே ரெஸ்டாச்சியோ என்னும் குன்று இருக்கிறது. ஏறக்குறைய 35 மீற்றர் உயரம். அது இயற்கைக் குன்றன்று. முற்றிலும் உடைந்த மட்சாடிகளின் குவியல். ஸ்பெயினிலிருந்தும் வட ஆபிரிக்காவிலிருந்தும் ஒலிவ எண்ணெய் சுமந்து வந்த சாடிகள் அவை. எண்ணெய் ஊறிக் காறிப்போன சாடியை மறுபடி பயன்படுத்த முடியாது. ஆகவே அவற்றை உடைத்து, ஒழுங்காக அடுக்கி, நாற்றம் போகச் சுண்ணாம்பு தூவினர். ஐந்து கோடிக்கு மேற்பட்ட சாடிகள் அங்கே கிடக்கலாம் என மதிப்பிடுவர். பல ஓடுகளிலே வெறுஞ்சாடியின் நிறை, எண்ணெயின் நிறை, வணிகனின் பெயர், ஆண்டு என்பன மையினால் எழுதப்பட்டுள்ளன. எந்த மன்னனும் இக்குன்றை நினைவுச்சின்னமாக எண்ணிக் கட்டவில்லை. ஆனால் குயவனும், எண்ணெய் ஆட்டியவனும், கப்பலோட்டியும், துறைமுகக் கூலியும் சேர்ந்து பேரரசின் வயிற்றை நிரப்பிய கதையை இதனைப்போல் உரைக்கும் சின்னம் அந்நகரிலே வேறில்லை.

அக்குன்றின் அருகேயுள்ள கல்லறைத் தோட்டத்திலே அந்தோனியோ கிராம்சியின் சாம்பல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 1926 இல் பாசிஸ்டுகளால் சிறைப்படுத்தப்பட்ட அவர், உடல் நலிந்து, 1937 ஏப்ரில் 27 இல் உரோமாபுரியிலே தமது 46 ஆவது வயதில் மறைந்தார். அக்சும் தூணை நாட்டிய ஆண்டும், அகஸ்டஸ் மன்னனின் இரண்டாயிரமாம் பிறந்த ஆண்டைச் சாட்டாக வைத்து மாபெரும் பொருட்காட்சி திறந்த ஆண்டும் அதுவே. வெளியிலே கல்லும் சலவைக்கல்லும் ஆட்சியாளனின் குரலிலே முழங்கிய காலத்தில், சிறைக்குள்ளே குறிப்பேடுகளிலே கிராம்சி வேறொரு வரலாற்று நோக்கை வகுத்துக்கொண்டிருந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறு துண்டு துண்டாகவே நமக்குக் கிடைக்கிறது. ஆகையால் அவர்கள் சுயமாகச் செயற்பட்டதற்கான ஒவ்வொரு சிறு தடயமும் வரலாற்றாசிரியனுக்கு விலைமதிப்பற்றது என்பது அவர் கருத்து. அவர் உறங்குமிடத்தின் அருகே ஓடுகளின் மலை கிடப்பது தற்செயலே. எனினும் அத்தற்செயலைக் கண்டும் காணாமற் செல்ல எம்மால் இயலவில்லை.

கல்வி கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல். இடிபாடுகளுக்கு உரிமை கொண்டாடும் குரல்கள் ஓங்கி ஒலிக்கும் நாட்டிலே நாம் வாழ்கிறோம். மாணவரைப் பழைய நகர்களுக்கும் நூதனசாலைகளுக்கும் அழைத்துச் செல்கையில், ஆண்டையும் அளவையும் கூறுவதோடு அமையாது, சில வினாக்களையும் அவர்கள் கையிலே கொடுப்போமாக. இதற்குப் பொருள் எங்கிருந்து வந்தது? சுமந்தவர் யாவர்? இதனைக் காட்டுவதற்காக எவரின் வீடு இடிக்கப்பட்டது? வரிசையாக மாட்டியுள்ள படங்களிலே ஐந்தாவது படம் எது? இவ்வாறு கேட்கப் பழகிய மாணவன் கொலோசியத்தின் முன்னர் நின்றாலும் வியப்பான். ஆனால் வியந்து நிற்கும் அவன் காதிலே எவரும் எதையும் ஓதிவிட முடியாது.