அடைக்கலமும் வேலையும்: சாரதா இல்லம், அவ்வை இல்லம் வழி ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஆதரவற்ற பெண்களுக்கான இல்லங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை நிறுவியவர்களின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் தோன்றிய சாரதா இல்லத்தையும் அவ்வை இல்லத்தையும், தங்குமிடத்தோடு வேலையை இணைத்த அமைப்புகளாக அணுகுகிறது. இல்லத்திற்குள் யார் வரலாம் என்பதைச் சாதியும் வயதும் வரையறுத்தன. அங்கிருந்து தன் காலில் நிற்பவளாக வெளியேற இயலுமா என்பதை வெளியே காத்திருந்த வேலையே வரையறுத்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சாரதா இல்லம், அவ்வை இல்லம், கைம்பெண்கள், தேவதாசி ஒழிப்பு, பெண் ஆசிரியர், அரசு சேவை இல்லம்.

முன்னுரை

பெண்ணின் வீடின்மை கூரையின்மை மட்டுமன்று. கணவன் இறந்ததாலோ, கைவிடப்பட்டதாலோ, குலத்தொழிலைத் துறந்ததாலோ உறவினர் வீட்டில் இடமிழந்த பெண்ணுக்கு இரு தேவைகள் ஒருசேர எழுகின்றன. ஒன்று, உடனடியாகத் தங்க ஓரிடம். மற்றொன்று, பின்னர்த் தனித்து வாழ ஒரு வருவாய். முதலாவதை மட்டும் அளிக்கும் இல்லம் அவளை நிரந்தரமாகத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. இரண்டாவதை மட்டும் அளிக்கும் பயிற்சியில் தங்க இடமில்லாதவள் சேரவே இயலாது. இவ்விரண்டையும் இணைக்க முயன்ற தொடக்கக்கால முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கவை மேற்கூறிய இரு இல்லங்கள்.

சாரதா இல்லம்: கைம்மையும் ஆசிரியப் பணியும்

சகோதரி சுப்பலட்சுமி (1886–1969) சிறுவயதிலேயே மணமாகிக் கணவனை இழந்தவர். தந்தையின் ஆதரவால் கல்வி கற்று, 1911-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டில், பிராமணக் குழந்தைக் கைம்பெண்கள் சிலருடன் சாரதா இல்லத்தை நடத்தத் தொடங்கினார்.

இம்முயற்சிக்கு அரசின் ஆதரவு கிடைத்தமைக்கு இரக்கம் மட்டும் காரணமன்று. பெண்கள் பள்ளிகளைப் பெருக்க விரும்பிய கல்வித்துறைக்குப் பெண் ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். மணமான பெண்கள் வீட்டை விட்டுப் பணிக்கு வருவது அரிதாயிருந்தது. பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் இளம் கைம்பெண்களை இப்பணிக்கு உரியவர்களாகக் கண்டு, சுப்பலட்சுமிக்குத் துணைநின்றார். வீட்டில் அமங்கலம் என ஒதுக்கப்பட்ட கைம்மை, பள்ளியில் பணித்தகுதியாக மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை 1917-இல் அரசு வாங்க, இல்லம் அங்கு இடம்பெயர்ந்தது. 1922-இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பெற்று, சுப்பலட்சுமி அதன் முதல்வரானார். இவ்வாறு தங்குமிடம், பள்ளிக் கல்வி, ஆசிரியர் பயிற்சி, பணி என்னும் நான்கு படிகளும் ஒரே தொடராயின.

இத்தொடரின் நுழைவாயில் மிகக் குறுகியது. பெற்றோரின் நம்பிக்கையைப் பெறும் பொருட்டுப் பிராமண உணவு முறையும் ஆசாரமும் இல்லத்தில் பேணப்பட்டன. பிற சாதிக் கைம்பெண்களுக்கு அங்கு இடமில்லை. வயது வந்த கைம்பெண்களும் விலக்கப்பட்டனர். இவர்களுக்கெனச் சாரதா வித்யாலயத்தை 1927-இல் சுப்பலட்சுமி தனியே ஏற்படுத்த வேண்டியிருந்தது.

அவ்வை இல்லம்: மறுக்கப்பட்டவர்களின் புகலிடம்

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி (1886–1968) சென்னைச் சட்டமன்றத்தில் மேற்கொண்ட முயற்சியால் 1929-இல் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டது. கோயிற்பணியிலிருந்து இனாம் நிலத்தை விடுவித்த இத்திருத்தம், தேவதாசிகள் நிலத்தை இழக்காமல் பணியைத் துறக்க வழிவகுத்தது. நிலமில்லாதவர்களுக்கோ, குலத்தொழிலை விட்டபின் செல்ல இடமேயில்லை. விடுதி ஒன்றில் இடம் மறுக்கப்பட்ட தேவதாசிக் குலச் சிறுமியர் மூவர் முத்துலட்சுமியை நாடி வந்ததே, 1930-ஐ ஒட்டி அவ்வை இல்லம் தோன்றக் காரணமாயிற்று. சட்டம் ஒரு வாழ்முறையை மறுக்கும்போது மாற்று வாழிடத்தையும் ஏற்படுத்தியாக வேண்டும் என்பதை இந்நிகழ்வு புலப்படுத்துகிறது.

அவ்வை இல்லம் சாதி வேறுபாடின்றிச் சேர்த்துக்கொண்டது. கல்வியும் தொழிற்பயிற்சியும் அளித்தது. ஆனால் சாரதா இல்லத்திற்குத் தொடக்கம் முதலே கிடைத்தது போன்ற அரசுத் தேவையின் பின்பலம் இதற்கு வாய்க்கவில்லை. நிறுவியவரின் உழைப்பையும் கொடையாளர்களையும் சார்ந்தே இது வளர்ந்தது. எனவே, நுழைவாயில் குறுகிய இல்லத்திற்கு வெளிவாயில் உறுதியாயிருந்தது. நுழைவாயில் அகன்ற இல்லமோ வெளிவாயிலைத் தானே அமைத்துக்கொள்ள நேர்ந்தது எனலாம்.

விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப் பின் இப்பணி அரசின் பொறுப்பாக விரிந்தது. கைம்பெண்கள், கைவிடப்பட்டோர், ஆதரவற்றோர் ஆகியோர் தங்கிப் படிக்கவும் தொழில் பயிலவும் தாம்பரம், கடலூர் உள்ளிட்ட ஊர்களில் சமூகநலத்துறை சேவை இல்லங்களை நடத்தி வருகிறது. சாதித்தடை அகன்றது இவற்றின் பெரும்பேறு. மாறாக, காலவரம்பு புதிதாக முன்னிலை பெற்றது. நடுவண் அரசின் 2015-ஆம் ஆண்டு ஸ்வாதார் கிரே திட்ட நெறிமுறைகள், குடும்ப வன்முறைக்கு உள்ளானோர் ஓராண்டு வரையும் ஏனையோருள் பெரும்பாலோர் மூன்றாண்டு வரையும் தங்கலாம் என வரையறுத்தன. தொழிற்பயிற்சி அத்திட்டத்தில் இருந்தது. பயிற்சியின் முடிவில் உறுதியான பணி இல்லை. ஐஸ் ஹவுஸில் வேலை முடிவுசெய்த வெளியேற்றத்தை இங்கு நாட்காட்டி முடிவுசெய்கிறது.

முடிவுரை

இவ்வேறுபாட்டின் விளைவைக் கடலூர் மாவட்டத்திலேயே காணலாம். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றபின் எழுந்த நெய்வேலி நகரியத்தில் குடியிருப்பு என்பது பணியாளருக்கு ஒதுக்கப்படுவது; வேலை இருக்கும்வரை வீடும் இருக்கும். கணவனின் வேலையால் கிடைத்த வீட்டில் வாழும் பெண்ணின் குடியிருப்புரிமை அவளுடையதன்று. வேலையைத் தொடர்ந்தே வீடு வரும் என்பதை அந்நகரியத்தின் அமைப்பே உணர்த்துகிறது. அருகிலுள்ள சேத்தியாத்தோப்பு போன்ற பேரூராட்சியில் ஆதரவிழக்கும் பெண், மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு இல்லத்தை நாடும்போது அவளுக்குக் கிடைக்க வேண்டியது படுக்கை மட்டுமன்று. அவள் பெயரிலேயே அமையும் ஒரு வேலையும், அதன்வழி ஒரு வாடகை வீடும் ஆகும்.

ஆகவே, ஓர் இல்லத்தின் பயனை அதில் தங்கியோரின் எண்ணிக்கையால் மட்டும் அளத்தல் போதாது. யாருக்கு இடம் மறுக்கப்பட்டது, வெளியேறியோர் எங்குச் சென்றனர் என்னும் இரு வினாக்களையும் சேர்த்தே அதன் வரலாறு எழுதப்பட வேண்டும். சாரதா இல்லத்தின் வெளிவாயிலும் அவ்வை இல்லத்தின் நுழைவாயிலும் ஒரே கட்டடத்தில் அமைவதே நூறாண்டு அனுபவம் சுட்டும் தேவையாகும்.