தன்முன்னேற்ற நூல்கள் (தமிழில்)

தன்முன்னேற்ற நூல்கள் என்பவை, ஒருவர் தம் எண்ணத்தையும் பழக்கத்தையும் தாமே செப்பனிட்டுக்கொண்டு வாழ்வில் உயர வழிகாட்டும் உரைநடை நூல்கள். சுயமுன்னேற்ற நூல்கள், தன்னம்பிக்கை நூல்கள் என்றும் வழங்கும். இன்னது செய், இன்னது செய்யாதே என்று சுருங்கச் சொல்லும் மரபு தமிழில் ஆத்திசூடி, நாலடியார் காலம் தொட்டே உண்டு. அறத்தைச் சொல்வதோடு நில்லாமல், அதன்படி வாழ்ந்தவர்களின் கதையையும் எடுத்துக்காட்டி ஊக்கமூட்டும் உரைநடை வடிவம் இருபதாம் நூற்றாண்டில் வேர்கொண்டது. அதன் வளர்ச்சி தன்வரலாறுகளின் வளர்ச்சியோடு பின்னிப் பிணைந்தது.

மேலை நாட்டுத் தொடக்கம்

ஸ்காட்லாந்தில் பிறந்த சாமுவேல் ஸ்மைல்ஸ், 1845-இல் லீட்ஸ் நகரில் தொழிலாளி இளைஞர்கள் கூடிப் படித்துவந்த ஒரு சங்கத்தில் உரையாற்றினார். அந்த உரையிலிருந்து விரிந்த 'செல்ஃப் ஹெல்ப்' 1859-இல் வெளிவந்து, முதல் ஆண்டிலேயே 20,000 படிகள் விற்றது. பொறியாளர்கள், குயவர்கள், கண்டுபிடிப்பாளர்கள் முதலியோரின் வாழ்க்கைக் குறிப்புகளே அதன் உயிர். நகமுரா மசனாவோ செய்த ஜப்பானிய மொழிபெயர்ப்பு, 1871-இல் மெய்ஜி கால இளைஞர்களைச் சென்றடைந்தது. 1903-இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆலன் எழுதிய 'அஸ் எ மேன் திங்க்கெத்' வேறொரு வழியில் சென்றது. மனத்தில் விளையும் எண்ணமே வாழ்வாக விளைகிறது என்பது அச்சிறு நூலின் சாரம். தமிழுக்குள் முதலில் ஆழமாக இறங்கியது ஆலனின் குரல்தான்.

சிறையில் பிறந்த மொழிபெயர்ப்பு

அக்குரலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய அவருக்கு, ஆங்கில ஆட்சியை எதிர்த்ததற்காக 1908-இல் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்த அந்த நாள்களில்தான் ஆலனின் நூலை 'மனம் போல வாழ்வு' எனத் தமிழாக்கினார். நூல் 1909-இல் அச்சேறியது. ஆலன் தம் தலைப்பை விவிலியத்தின் நீதிமொழிகளிலிருந்து எடுத்தார். வ.உ.சி.யின் தலைப்போ 'மனம் போல மாங்கல்யம்' என்று நம் வீடுகளில் வாழ்த்தும் வழக்கை நினைவூட்டுவது. நூல் அயல்வாடை இன்றித் தமிழ் மண்ணில் ஊன்றியதற்கு இத்தகைய சொற்றேர்வு ஒரு காரணம்.

1912 இறுதியில் விடுதலையானபோது கப்பல் நிறுவனம் இல்லை. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது. ஆயினும் 'அகமே புறம்' (1914), 'வலிமைக்கு மார்க்கம்' (1916), 'சாந்திக்கு மார்க்கம்' (1934) என ஆலனைத் தொடர்ந்து தமிழாக்கினார். திருக்குறளின் அமைப்பை ஒட்டி 'மெய்யறம்' என்னும் அறநூலையும் இயற்றினார். தம் வாழ்க்கையை அகவற்பாவில் எழுதிவைத்தார். அது அவர் மறைந்து பத்தாண்டு கழித்து, 1946-இல் நூலாயிற்று. இந்நூல்கள் அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. வறுமையிலும் மனம் தளராமல் நிற்கும் வலிமையை அவர் வேண்டினார். அதைத் தம் மக்களுக்கும் பகிர்ந்தார். தமிழில் இத்துறையின் முதல் நூல்கள் வெற்றி பெற்றவரின் அறிவுரையாக வராமல், இழந்தவரின் உறுதியாக வந்தன என்பதே அதன் பெருமை.

தனித் துறையாக வளர்தல்

விடுதலைக்குப் பின், தொண்டியில் பிறந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் (1922–1993) 1948-இல் 'வாழ்க்கையில் வெற்றி' என்ற நூலை வெளியிட்டார். மொழிபெயர்ப்பைச் சாராமல் தமிழிலேயே எழுதப்பட்ட முன்னோடி நூலாக இது மதிக்கப்படுகிறது. 'கவலைப்படாதே', 'எண்ணமே வாழ்வு' உள்ளிட்ட அவருடைய நூல்களில், பல நாட்டுச் சான்றோர் வாழ்வில் நடந்தவை எளிய தமிழில் சரம்போல் கோக்கப்பட்டிருக்கும். 'இஸ்லாமியக் கலைக் களஞ்சியம்' தொகுத்த உழைப்பாளி அவர். அந்தப் பரந்த வாசிப்பு இந்நூல்களுக்கும் உரமாயிற்று.

அடுத்த தலைமுறைக்கு எம்.எஸ். உதயமூர்த்தி வழிகாட்டினார். அமெரிக்காவில் தொழில் நடத்திய அனுபவத்தோடு ஊர் திரும்பிய அவர், 'எண்ணங்கள்' முதலிய நூல்களால் இளைஞர்களைக் கவர்ந்தார். 1988-இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கி, தனிமனித முன்னேற்றத்தை ஊர் முன்னேற்றத்தோடு இணைத்தார். அதே ஆண்டில் கே. பாலசந்தர் இயக்கிய 'உன்னால் முடியும் தம்பி' திரைப்படத்தின் நாயகனுக்கு உதயமூர்த்தி என்றே பெயர்.

தன்வரலாறுகளின் பங்கு

அறிவுரை நூல் வழியைச் சொல்லும்; தன்வரலாறு அவ்வழியில் கால் எப்படி வலித்தது என்பதையும் சொல்லும். காந்தி தம் பிழைகளை மறைக்காமல் வைத்ததால்தான் அவருடைய 'சத்திய சோதனை' வாசகரின் மனத்தைத் தொட்டது. 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு ரயிலில் செல்லும்போது ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் நூலொன்றைப் படித்து, தம் வாழ்வையே மாற்றிக்கொள்ளத் துணிந்ததை அதில் அவர் பதிவு செய்திருக்கிறார். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்', கல்விக்காக ஒருவர் எத்தனை ஊர் அலையலாம், எத்தனை ஆண்டு காத்திருக்கலாம் என்பதைக் காட்டியது.

அப்துல் கலாம் மாணவப் பருவத்தில் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடையில் வாங்கிய 'லைட் ஃப்ரம் மெனி லாம்ப்ஸ்' என்ற தொகுப்பு, தம் வாழ்நாள் முழுதும் துணைநின்றதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். 1999-இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய தன்வரலாறு, மு. சிவலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் 'அக்னிச் சிறகுகள்' ஆகித் தமிழ் மாணவர்களின் கைகளை அடைந்தது.

மறுப்பும் மதிப்பும்

எல்லாம் உன் கையில் என்னும் போக்கு, வறுமைக்கும் சாதிக் கொடுமைக்கும் பாதிக்கப்பட்டவரையே பொறுப்பாக்குகிறது என்பது இத்துறை மீதான வலுவான மறுப்பு. தம் நூலின் தலைப்பைத் தன்னலத்துக்கான புகழுரை என்று பலர் தவறாகக் கொண்டதற்கு ஸ்மைல்ஸே பின்னாளில் வருந்தினார். தலித் எழுத்தாளர் பாமாவின் 'கருக்கு' (1992), திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007) ஆகிய தன்வரலாறுகள் இம்மறுப்புக்கு வலுச் சேர்ப்பவை. முயற்சியின் அருமையை அவை மறுக்கவில்லை. முயல்பவரின் குறுக்கே சமூகம் எழுப்பிய சுவரையும் சேர்த்தே காட்டுகின்றன. அறிவுரை நூலோடு இத்தகைய வாழ்க்கைகளையும் படிப்பவருக்குத் தம்மைத் திருத்திக்கொள்ளும் ஊக்கத்தோடு பிறர் துயரை உணரும் மனமும் வாய்க்கிறது. கப்பலையும் கைப்பொருளையும் நாட்டுக்காக இழந்த பின்னும் மனவலிமை பற்றி எழுதிக்கொண்டிருந்த வ.உ.சி.யின் வாழ்வு காட்டும் முன்னேற்றமும் இதுவே.