பக்தாதுக்கு வந்த செந்நிறக் கோதுமை

கடைத்தெருவில் குவிந்திருந்த தானியத்துக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்ததையும், உள்ளே ஈரம் தட்டுப்பட, வணிகரைக் கண்டித்ததையும் நாம் அறிவோம். உணவைச் சோதிக்கும் அந்தப் பொறுப்பு பிற்காலத்தில் ‘முஹ்தஸிப்’ என்னும் சந்தைக் கண்காணிப்பாளரிடம் வந்தது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இமாம் மாவர்தி, தம் ஆட்சியியல் நூலில் இப்பணிக்கெனத் தனி அத்தியாயமே ஒதுக்கினார்.

அதே மண்ணுக்கு, கையால் தொட்டறிய முடியாத நஞ்சு ஒன்று 1971இல் வந்து சேர்ந்தது. வறட்சியால் நலிந்த ஈராக், சுமார் 95,000 டன் விதைத் தானியத்தை இறக்குமதி செய்தது. பூஞ்சையைத் தடுக்க மெத்தில் பாதரசம் கலந்து, அடையாளத்துக்குச் செந்நிறச் சாயம் ஏற்றிய கோதுமையும் பார்லியும் அவை. மூட்டைகளின் எச்சரிக்கையோ ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது! பல ஊர்களில் விதைப்புக் காலம் கடந்தபின் வந்தமையால், அத்தானியம் வீடுகளில் ரொட்டியாயிற்று.

குடியானவர்கள் ஆராயாமல் உண்டார்கள் என்று கூறுவது அநீதி. சாயம் போகக் கழுவினார்கள். சிலர் முதலில் கோழிகளுக்கு இட்டுச் சில நாள் பார்த்தார்கள். கோழிகள் நலமாகவே இருந்தன. ஆனால் கழுவியதில் நிறம் நீங்கியதே தவிர நஞ்சு நீங்கவில்லை. அதன் விளைவு தெரியப் பல வாரங்கள் ஆகும். பிறகு கைகால் மரத்தது, நடை தள்ளாடியது, பார்வை மங்கியது. மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அவர்களுள் 459 பேர் மாண்டனர்.

பக்தாத் பல்கலைக்கழக மருத்துவர்களும் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கோதுமை, மாவு, இரத்தம் ஆகியவற்றோடு பெண்களின் கூந்தலையும் சோதித்தனர். மாதிரியைக் கரைத்து, அதிலுள்ள பாதரசத்தை ஆவியாக்கி, அவ்வாவி எவ்வளவு புற ஊதா ஒளியை உறிஞ்சுகிறது என்று கணக்கிடுவது அளவிடும் முறை. மீனிலுள்ள பாதரசத்தை அறிய அரசு உணவு ஆய்வகங்கள் இன்றும் கையாளும் வழிகளுள் இதுவும் ஒன்று.

கூந்தல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே அதைத் துண்டு துண்டாகச் சோதித்தால், எந்த மாதத்தில் நஞ்சு உடலில் ஏறியது, எப்போது தணிந்தது என்பதெல்லாம் நாட்குறிப்புப் போல் தெரிந்துவிடும். கருவுற்றிருந்த காலத்தில் தாய் உண்டது எவ்வளவு என்பதையும் அதிலிருந்தே கணித்தனர். தாய்க்கு இலேசான குறிகளே தோன்றியிருக்க, வயிற்றிலிருந்த சிசுவின் மூளை பாதிக்கப்பட்டிருந்ததும் அப்போது புலனாயிற்று.

உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம் என்பது, 1995இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மெத்தில் பாதரசத்துக்கு வகுத்த அளவு. அதற்கு ஆதாரமாக அமைந்தவை அந்த ஈராக்கியத் தாய்மார்களின் கூந்தலும் அவர்தம் குழந்தைகளின் நிலையுமே.